தென்னையோலைச் சுருளுக்குள் வளரும் செங்கண் பட்டாம்பூச்சி

காக்கநாடு (கொச்சி): தென்னை ஓலையில் வெண்மையாக ஏதேனும் தென்பட்டால் மருந்து தெளிப்பானைத் தேடுவது, 2016ஆம் ஆண்டுக்குப் பிறகு கேரளத்திலும் தமிழகத்திலும் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் அவ்வாண்டு கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயே அதற்குக் காரணம். ஆனால் எல்லா வெண்மையும் வெள்ளை ஈ அல்ல. சில நேரங்களில் அது இந்நிலத்துக்கே உரிய ஒரு பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம்.

ஆங்கிலத்தில் ‘ஜயன்ட் ரெட்ஐ’ எனப்படும் இப்பூச்சியின் அறிவியல் பெயர் கங்காரா தைர்சிஸ். 1775ஆம் ஆண்டு ஃபேப்ரீசியஸ் இதனை முதன்முதலில் விவரித்தார். தடித்த உடலும், நுனி வளைந்த உணர்கொம்புகளும், துள்ளித் துள்ளிப் பறக்கும் இயல்பும் கொண்ட ‘ஸ்கிப்பர்’ குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அக்குடும்பத்தின் மிகப் பெரிய இனங்களுள் இதுவும் ஒன்று. விரித்த சிறகுகளின் அகலம் 7 சென்டிமீட்டரைத் தாண்டும்.

தாய்ப்பூச்சி தென்னை, பாக்கு உள்ளிட்ட பனைக் குடும்பத் தாவரங்களின் இலைகளில் முட்டையிடும். வெளிவரும் புழு, ஓலையின் விளிம்புகளை நூலால் இழுத்துக் கட்டிக் குழல்போன்ற கூட்டை அமைத்துக்கொண்டு அதனுள் தங்கி இலையை உண்கிறது. வளர வளர அதன் செந்நிற உடலை நீண்ட வெண்ணிற மெழுகு இழைகள் மூடிவிடுகின்றன. முதல்முறை காண்போர் அதைப் புழு என்றே நம்பமாட்டார்கள். பஞ்சுத் துணுக்கு என்பார்கள். தொட்டால் இழைகள் உதிர்ந்து விரலில் ஒட்டும்.

வெள்ளை ஈயிலிருந்து இதனைப் பிரித்தறிவது கடினமன்று. ஈயின் முட்டைகள் ஓலையின் அடிப்புறத்தில் சுருள்சுருளான வெண்பொடியுடன் காணப்படும். கீழ் இலைகளில் கரும்பூஞ்சை படரும். இப்புழுவோ சுருட்டிய ஓலைக்குள் இருக்கும். சுற்றிலும் இலை கடிபட்டிருக்கும். தென்னைக்கு இது சிறு பூச்சியாகவே கருதப்படுகிறது. ஒட்டுண்ணிக் குளவிகள் இதன் பெருக்கத்தைத் தடுக்கின்றன. இளங்கன்றுகளில் மிகுந்தால் சுருள்களைக் கையாலேயே அகற்றிவிடலாம். இரசாயனம் தெளித்தால் அக்குளவிகளோடு, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற நுண்குளவியும் மடியும்.

கூட்டுப்புழுப் பருவமும் அதே சுருளுக்குள் கழிகிறது. தொந்தரவு செய்தால் கூட்டுப்புழு அதிர்ந்து, ஓலையில் மோதி ஓசை எழுப்பும். அமைதியான வீட்டுத் தோட்டத்தில் அது நன்றாகவே கேட்கும்.

முதிர்ந்த பூச்சியைப் பகலில் காண்பது அரிது. கரும்பழுப்பு நிற முன்சிறகுகளில் ஒளி ஊடுருவும் பெரிய மஞ்சள் புள்ளிகள் உண்டு. பின்சிறகின் மேற்புறத்தில் புள்ளிகள் இல்லை. பெயருக்குக் காரணமான கண்கள் மாணிக்கச் சிவப்பு. பகலெல்லாம் நிழலில் ஒதுங்கியிருந்து, அந்தி மங்கும் வேளையிலும் விடியற்காலையிலும் அது மலர்களை நாடிப் பறக்கிறது.