குட்ஷெட்டில் சரக்கு எங்கே?

மலைநாட்டுப் புகையிரதமும் எமது விளைச்சலும்

கண்டி நகருக்கு வந்து போகிறவர்களுக்கு "குட்ஷெட்" என்ற பெயர் தெரியும். புகையிரத நிலையத்தை அடுத்துள்ள அந்த இடம் பல வருடங்களாகப் பஸ் தரிப்பிடமாகவே அறியப்பட்டது. ஆனால் பெயரின் பொருள் வேறு. புகையிரதத்தில் ஏற்றுவதற்கும் அதிலிருந்து இறக்குவதற்கும் சரக்கு வைக்கும் களஞ்சியத்தையே குட்ஷெட் என்றார்கள். சரக்குப் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சரக்கு ஏன் போனது? உலகில் சரக்குப் புகையிரதம் இன்று எந்தத் திசையில் செல்கிறது? காணியை இழந்து, வேறிடத்தில் மீண்டும் மண்ணைக் கொத்தத் தொடங்கிய குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? இக்கேள்விகள் எமக்கு அந்நியமானவை அல்ல. லொறிக்கூலி ஏறும்போது சந்தையில் வாங்குகிறவர் மட்டும் அதைக் கட்டுவதில்லை. தரகர் முதலில் விவசாயிக்குக் கொடுக்கும் விலையிலிருந்துதான் அதைக் கழிக்கிறார்.

கோப்பிக்காகப் போட்ட பாதை

இலங்கையில் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. மக்கள் பிரயாணம் செய்வதற்காக மட்டும் அது போடப்படவில்லை. அதுவரை கண்டிப் பகுதிக் கோப்பி, மாட்டு வண்டிகளில் கடுகண்ணாவை இறக்கத்தைக் கடந்து நாட்கணக்கில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்தால் வண்டிகள் சேற்றில் நின்றன.

தோட்டத்துரைமார் 1854இல் கண்டியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். பாதைகளும் புகையிரதமும் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் ஒன்றாக நின்று கேட்டார்கள், கிடைத்தது.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. காலப்போக்கில் கோப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தோட்டங்களைத் தேடித் தண்டவாளமும் மலை ஏறியது: 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. கீழே தேயிலைப் பெட்டி வந்தது. மேலே தொழிலாளருக்கு அரிசியும் தோட்டங்களுக்கு உரமும் போயின. சிறு விவசாயியின் விளைச்சல் இந்தத் திட்டத்தின் நடுவில் ஒருபோதும் இருக்கவில்லை.

லொறி எப்படி வென்றது?

லொறி தோட்ட வாசலுக்கே வரும். புகையிரதத்துக்கோ மூன்று முறை கை மாற வேண்டும். முதலில் வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்கு, பின்பு பெட்டிக்குள், போய்ச் சேர்ந்த பின் இன்னொரு லொறிக்கு. சாக்கில் அடைத்த தக்காளியும் கோவாவும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் நசியும்.

மலைப் பாதையும் இடம் கொடுக்கவில்லை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பகுதி ஒற்றைத் தண்டவாளம். ஏறத்தாழ 44 அடி சென்றால் 1 அடி உயரும் செங்குத்து அது. பாரமான வண்டியைப் பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ள வேண்டியிருந்தது. ஒரு சரக்கு வண்டி ஏறும் நேரத்தில் எதிரே வரும் பிரயாணிகள் வண்டி காத்து நிற்க வேண்டும். எஞ்சினும் பெட்டியும் போதாத காலத்தில் பிரயாணிகளுக்கே முதலிடம் கிடைத்தது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் லொறிகள் பெருகின. சந்தைகளும் தண்டவாளத்தை விட்டு விலகின. 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் தொடங்கப்பட்டது. தம்புள்ளைக்குப் புகையிரதப் பாதையே இல்லை. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு அருகே இருந்த மனிங் சந்தை 2020–2021 காலத்தில் பேலியகொடைக்குப் போனது.

வடக்கில் யுத்தம் இதைச் செய்தது. காங்கேசன்துறைச் சீமெந்து தெற்கே வந்த பாதை 1990இல் வவுனியாவுடன் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் போக 2014 ஒக்டோபர் ஆயிற்று. இருபத்துநான்கு வருடங்களில் வெங்காயமும் மிளகாயும் லொறிக்குப் பழகிவிட்டன.

இன்று நாட்டில் ஏற்றிச் செல்லப்படும் சரக்கில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் புகையிரதத்தில் போவதில்லை. போவது என்ன என்று பார்த்தால் காரணம் விளங்கும். எரிபொருள், திருகோணமலை சீனன்குடா ஆலையின் கோதுமை மா, சீமெந்துக்கான சுண்ணாம்புக்கல் போன்றவைதான் முக்கியமானவை. இவற்றுக்குச் சொந்தக்காரர் ஒருவர். சரக்கு ஒரே விதம். புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறாதவை.

உலகம் போகும் திசை

மற்ற நாடுகளிலும் இதுவே போக்கு. அங்கொரு பெட்டி இங்கொரு பெட்டி என்று ஸ்டேஷன் தோறும் சேர்க்கும் முறை குறைந்து, ஒரே சரக்கை முழு வண்டியாக நேரே கொண்டுபோகும் முறை வளர்ந்துள்ளது. இரண்டாவது மாற்றம், கப்பலிலிருந்து புகையிரதத்துக்கும் அங்கிருந்து லொறிக்கும் திறக்காமலே மாறும் கொள்கலன். இதனால் மூன்று கைமாற்றம் என்ற பழைய குறை பெரிய கம்பனிகளுக்கு நீங்கிவிட்டது. மூன்றாவதாக, இந்தியா சரக்குக்கென்றே தனித் தண்டவாளங்கள் போட்டுள்ளது.

நான்காவது காரணம் எரிபொருள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே அதே பாரத்தை நெடுந்தூரம் இழுக்கப் புகையிரதத்துக்கு லொறியைவிட மிகக் குறைந்த டீசல் போதும். 2022இல் எமது நாட்டில் டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்றன. மரக்கறி பாத்தியிலேயே அழுகியது. நகரத்தில் விலை ஏறியது. அந்த நாட்களில் இந்த உண்மை எமக்குக் கசப்பாகவே விளங்கியது.

சிறு விவசாயிக்கும் இடமுண்டா? இந்தியாவில் 2020 ஓகஸ்ட் 7ஆம் திகதி "கிசான் ரெயில்" என்ற வண்டி மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குப் புறப்பட்டது. வழியில் பல நிலையங்களில் நின்று மரக்கறியும் பழமும் ஏற்றியது. முழுப் பெட்டி நிரப்ப இயலாத விவசாயியும் சிறிய தொகையை அனுப்ப முடிந்தது. பழம், மரக்கறிக்குக் கூலியில் பாதியை அரசு ஏற்றது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பலருடைய சிறு சுமையைச் சேர்த்தால் புகையிரதம் நிற்கும். அரசு தோள் கொடுக்காவிட்டால் அது தொடங்குவதே கடினம்.

எமது நிலை

விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களுக்காகக் கண்டியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் எழும்பின. மகாவலிக் குடியேற்றங்களில் அவர்களுக்குக் காணியும் வாய்க்கால் தண்ணீரும் கொடுக்கப்பட்டன. விளைந்ததை வெளியே கொண்டுபோகும் வழி அவ்வளவு கவனமாக எண்ணப்படவில்லை. மகியங்கனை, கிராந்துருக்கோட்டைப் பக்கம் தண்டவாளமே இல்லை. தம்புத்தேகமை போன்ற சில இடங்களுக்கே அந்த வாய்ப்பு உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை இன்னொரு முறை இடம்பெயரச் செய்தது. மண்சரிவு வீதியையும் தண்டவாளத்தையும் ஒன்றாகவே அறுத்தது. பாதைகளைத் திருத்தும்போது பிரயாணிகளின் தேவை மட்டுமே பேசப்பட்டால், குட்ஷெட்டுக்கு நேர்ந்ததே மறுபடியும் நேரும்.

நாம் செய்யக்கூடியவை

எல்லாச் சரக்குக்கும் புகையிரதம் பொருந்தாது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிச் சந்தைக்கு லொறியே மலிவு. நெடுந்தூரம் போகும், எளிதில் அழுகாத சரக்குக்கே அது நன்மை தரும்: உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி, நெல், தேங்காய், திரும்பி வரும்போது உரம், விதை.

ஆகவே முதலில் கணக்கெடுப்போம். எந்த மாதத்தில், எந்தச் சரக்கு, எத்தனை மூடை, எந்தச் சந்தைக்கு, என்ன கூலிக்குப் போகிறது என்று ஒவ்வொரு விவசாயச் சங்கமும் ஒரு கொப்பியில் எழுதட்டும். அயல் கிராமங்களின் கணக்கை அதனுடன் சேர்க்கட்டும். சாக்குக்குப் பதிலாக அடுக்கக்கூடிய பெட்டிகளைச் சங்கமாக வாங்கினால், லொறியில் போனாலும் சேதம் குறையும். அந்தக் கணக்குடன் பிரதேச செயலாளரையும் நிலைய அதிபரையும் சந்தித்து, இரவு வண்டியில் ஒரு பெட்டி, நிலையத்தருகே ஒரு சேகரிப்புக் கொட்டில் என்று குறிப்பாகக் கேட்கலாம். "உதவி செய்யுங்கள்" என்ற பொதுவான மனுவைவிட, "கிழமைக்கு இத்தனை மூடை தருவோம்" என்ற உறுதிக்கு வலு அதிகம். தோட்டத்துரைமாருக்குக் கிடைத்தது பணத்தால் மட்டும் அல்ல, சேர்ந்து நின்றதாலும்தான். பணம் எம்மிடம் இல்லை. சேர்ந்து நிற்பதற்குப் பணம் தேவையும் இல்லை.

கலந்துரையாடலுக்கு

1. சென்ற போகத்தில் நீங்கள் பெற்ற விலையில் எவ்வளவு ஏற்றுகூலிக்குப் போனது?
2. உங்கள் கிராமத்துக்கு மிக அருகிலுள்ள புகையிரத நிலையம் எது? அங்கே முன்பு என்ன சரக்கு ஏற்றினார்கள் என்று முதியவர்களிடம் கேளுங்கள்.
3. உங்கள் சங்கம் எந்த அயல் கிராமங்களுடன் சேர்ந்து ஒரு பெட்டியை நிரப்ப முடியும்?