பழைய செயின் சோவும் விறகும்

மாத்தளை, இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்து மிளகுத் தோட்டங்களில் கிளை வெட்டினால் அடுப்புக்கு விறகு தாராளம். அதை அரிய, மூலையில் கிடக்கும் பழைய செயின் சோவே போதும். பழுது பார்த்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அது செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு விறைத்திருக்கும்; அதை மாற்றச் செலவு குறைவு. வெட்டும்போது சீவல் விழாமல் மாவு போன்ற தூள் விழுந்தால், பல் மழுங்கிவிட்டது. அதைத் தீட்ட வட்ட அரம் போதும்.

பழைய மெஷின் ஆபத்தானது என்பார்கள். அது நியாயமான பயம்தான். கட்டையில் முனை பட்டு வாள் முகத்தை நோக்கி எகிறும்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக், 1970களுக்குப் பிறகே பரவலானது. ஆகவே பிரேக் இல்லாததைச் சேகரிப்பில் வையுங்கள், விறகுக்கு எடுக்காதீர்கள். பிரேக் இருந்தாலும் அது வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இன்னொன்று: காடழிப்பைத் தடுக்க 2019இல் இலங்கை அரசு செயின் சோக்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பழையதை வாங்கும்போது அந்தப் பதிவுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.