வீணாகும் சூட்டுக்கு ஒரு வேலை!

சாயங்காலம் ஆனால் நம்ம பாண்டி பீச் ரோட்டுக்குள் வண்டி விடமாட்டாங்க. அதனால டூமாஸ் வீதியில் பைக்கை ஓரங்கட்டிட்டு அவசரமா இறங்கினேன். சுரீர்! சைலன்ஸர் முழங்காலுக்குக் கீழே முத்திரை குத்திடுச்சு. உங்க கால்லயும் அப்படி ஒரு தழும்பு இருக்கா? அப்படின்னா நீங்க நம்ம ஆளு, தொடர்ந்து படிங்க!

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கோரிமேடு பங்க்கில் வரிசையில் நின்று போட்ட பெட்ரோலில் இருந்துதான். நாம் கொடுத்த காசில் ஏறக்குறைய முக்கால்வாசி சக்கரத்துக்குப் போவதே இல்லை. சைலன்ஸர் வழியாகவும் இன்ஜின் உடம்பு வழியாகவும் சூடாக வெளியேறிவிடுகிறது.

போன செமஸ்டர் வைவாவில் மாட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். கேஸ் டர்பைன் படத்தைக் காட்டி, "எக்ஸாஸ்ட் எங்கேப்பா போகுது?" என்றார் எக்ஸ்டர்னல். "வெளியே போகுது சார்" என்றேன். "ஏன் போகணும்?" என்றார். பேந்தப் பேந்த முழித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை.

காரைக்காலில் ஒரு கணக்கு

பதிலில் பாதி நம்ம யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டரில் காரைக்கால். அங்கே திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் எரிவாயு மின்நிலையம் 2000-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மொத்தத் திறன் 32.5 மெகாவாட். அதில் கேஸ் டர்பைன் தருவது 22.9 மெகாவாட். மீதி 9.6 மெகாவாட்? டர்பைன் துப்பும் சூடான புகையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். கூடுதலாக ஒரு பிடி கேஸ்கூட எரிக்காமல் 40 சதவீதத்துக்கும் மேல் எக்ஸ்ட்ரா கரன்ட்!

'அட, இதைத்தானே எங்க ஆயா செஞ்சாங்க!' என்று தோன்றியது. பாகூரில் ஆயா வீட்டில் கொடியடுப்பு உண்டு. பெரிய அடுப்பில் சோறு வேகும். அதன் அனல் பக்கத்து ஓட்டை வழியாகப் போய் கொடியடுப்பில் குழம்பைச் சூடாகவே வைத்திருக்கும். தனியாக விறகு கிடையாது. மின்நிலையத்தில் கேஸ் டர்பைன் பெரிய அடுப்பு, நீராவி டர்பைன் கொடியடுப்பு. அவ்வளவுதான் மேட்டர்.

பெரிய அடுப்பையே மாத்தினா?

நம்ம ஊரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த 1824-ல், பிரான்ஸில் சாடி கார்னோ என்ற 28 வயசு இன்ஜினீயர் ஒரு புத்தகம் போட்டார். சூட்டை வேலையாக மாற்றும் எந்த இன்ஜினுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது என்றார். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நம்மைப் படுத்தி எடுக்கிறாரே, அவரேதான்.

ஆனால், எரிக்காமலே கரன்ட் எடுத்தால்? அந்த உச்சவரம்பு அங்கே செல்லாது. அதுதான் ஃப்யூயல் செல். அதில் 'சாலிட் ஆக்ஸைடு' என்று ஒரு வகை. ஒரு பக்கம் எரிவாயு, மறுபக்கம் காற்று, நடுவே ஸிர்கோனியா பீங்கான். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அயனியாகி அந்தப் பீங்கானுக்குள் புகுந்து வந்து எரிவாயுவோடு சேரும். அப்போது விடுபடும் எலெக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாகச் சுற்றி வரும். தீயே இல்லாமல் கரன்ட் ரெடி!

அயனி நகர வேண்டுமானால் அந்தப் பீங்கான் 700 முதல் 1,000 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அதனால் செல்லில் இருந்து வெளியே வரும் வாயுவும் செம சூடு. கூடவே செலவாகாத கொஞ்சம் எரிவாயுவும் வரும். அதை எரித்து ஒரு குட்டி கேஸ் டர்பைனைச் சுற்றினால் இன்னும் கொஞ்சம் கரன்ட். அந்த டர்பைனே கம்ப்ரஸரையும் ஓட்டி, செல்லுக்குள் அழுத்தமான காற்றை அனுப்பும். அழுத்தம் கூடினால் செல்லின் வோல்டேஜும் கூடும். கொடியடுப்பே ஊதாங்குழலை எடுத்துப் பெரிய அடுப்பை ஊதிவிடுகிற மாதிரி! இந்தக் கூட்டணிக்குப் பெயர்தான் ஹைபிரிட்.

சின்னதா இருந்தாலும் கில்லி

2000-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சீமென்ஸ் வெஸ்டிங்ஹவுஸின் 220 கிலோவாட் ஹைபிரிட்டை ஓட்டிப் பார்த்தார்கள். திறன் சுமார் 53 சதவீதம். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஓடத் தொடங்கிய 250 கிலோவாட் மெஷின் சுமார் 55 சதவீதம்.

'பிரான்ஸில் பூஷான் மின்நிலையம் 2016-லேயே 62.22 சதவீதம் எடுத்து கின்னஸ் சாதனை பண்ணிடுச்சே?' என்று நீங்க மடக்கலாம். கரெக்ட். ஆனால், அது 605 மெகாவாட் பூதம். டர்பைன் சின்னதாக ஆக, இறக்கை நுனி இடுக்கில் நழுவிப்போகும் காற்றின் பங்கு கூடும். 250 கிலோவாட் அளவில் தனி டர்பைன் 30 சதவீதத்தைத் தாண்டவே திணறும். ஹைபிரிட்டோ அந்த அளவிலேயே 55-ஐத் தொடுகிறது. நம்மை மாதிரி குட்டிப் பிரதேசத்துக்கு இதுதானே முக்கியம்?

இன்னொரு விஷயமும் இருக்கு. காரைக்கால் நிலையத்துக்கு வருவது காவிரிப் படுகை எரிவாயு. வயலுக்கு அடியில் கிடப்பது. அந்த வயல்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது. தோண்டி எடுத்த கேஸில் பாதியைக் காற்றில் விட்டுவிட்டு, 'இன்னும் தோண்டணும்' என்று விவசாயியிடம் போய் நிற்க முடியுமா, சொல்லுங்க?

அப்புறம் ஏன் ஊரெல்லாம் வரலை?

விலை அதிகம். சூடு சட்டென்று மாறினால் பீங்கான் விரிசல் விடும். லோடு திடீரென ஏறி இறங்கினால் கம்ப்ரஸர் மூச்சுத் திணறி, காற்றைத் திருப்பித் துப்பும். இதற்கெல்லாம் வழி தேடும் வேலை இன்னும் நிறைய பாக்கி இருக்கு. "மெக்கானிக்கலா? ஐயோ பாவம், கோடிங் கத்துக்கப்பா" என்கிற சீனியர்களே, நோட் பண்ணுங்க! சாலிட் ஆக்ஸைடு செல்லை வைத்தே அமெரிக்காவில் 'ப்ளூம் எனர்ஜி' கம்பெனியை உருவாக்கிய கே.ஆர்.ஸ்ரீதர், திருச்சி ஆர்.இ.சி-யில் படித்தது நம்ம மெக்கானிக்கல்தான்.

மினி புராஜெக்ட்டுக்கு நான் எடுத்திருப்பது ரெக்யூபரேட்டர். டர்பைனைத் தாண்டி வரும் புகையின் கடைசிச் சூட்டையும் உறிஞ்சி, உள்ளே போகும் காற்றுக்குக் கொடுக்கும் பகுதி. மூணு பேர் டீமில் ஒரு சீட் இன்னும் காலி. அடுத்த வைவாவில் அதே எக்ஸ்டர்னல் வந்து, "ஏன் வெளியே போகணும்?" என்று கேட்டால், "போக வேண்டாம் சார்" என்று ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

வர்றீங்களா? வந்தா, சைலன்ஸர் பக்கம் மட்டும் பார்த்து இறங்குங்க!