ரஷ்யாவில் பழைய ஸ்லாவியத் தெய்வங்கள்: அறுந்த மரபு மீள்கிறதா, புதிதாகப் பிறக்கிறதா?

ஆண்டுதோறும் ஜூன் மாதப் பிற்பகுதியில், மிக நீண்ட பகலை ஒட்டிய நாள்களில், ரஷ்யாவின் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் சிறு குழுக்கள் கூடுகின்றன. பூமாலை சூடிய பெண்களும் பூவேலைச் சட்டை அணிந்த ஆண்களும் நெருப்பைத் தாண்டுகின்றனர். மாலைகளை ஆற்றில் மிதக்க விடுகின்றனர். 'குபாலா' எனப்படும் இந்த விழா பலருக்கு வெறும் கொண்டாட்டமே. ஆனால், இடியின் தெய்வமான பெருனையும் கால்நடைகளைக் காக்கும் வேலெஸையும் வணங்குவோருக்கு அது வழிபாடு. தங்கள் சமயத்தை அவர்கள் 'ரோத்னோவெரியே' என்கின்றனர். 'சொந்த நம்பிக்கை' என்பது இதன் பொருள்.

இந்தச் 'சொந்தம்' எவ்வளவு பழையது என்பதில்தான் சிக்கல்.

988-ஆம் ஆண்டில் கீவ் நகர இளவரசர் விளாதிமிர் கிறிஸ்தவத்தை ஏற்றார். தாமே முன்பு நிறுவிய பெருன் சிலையைக் குதிரையின் வாலில் கட்டி இழுத்துச் சென்று தினிப்பர் ஆற்றில் தள்ளச் செய்தார் என்று பழைய நாளாகமம் கூறுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். அந்தத் தெய்வங்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி இவ்வாறு அவற்றை எதிர்த்தவர்கள் எழுதியதே. வழிபட்டவர்கள் எழுதிய சடங்கு நூல் எதுவும் எஞ்சவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் 'வேலெஸ் நூல்'. மரப்பலகைகளில் எழுதப்பட்டிருந்ததாகக் கூறப்படும் இது, 1950-களில் அமெரிக்காவில் குடியேறிய ரஷ்யர்களிடையே அச்சேறியது. பலகைகளோ யாரிடமும் இல்லை. மொழியியல் அறிஞர் ஆந்திரேய் சாலிஸ்ன்யாக் உள்ளிட்டோர் அதன் இலக்கணக் குழப்பங்களைச் சுட்டிக்காட்டி, அது போலி என்று நிறுவினர். ஆயினும், சில குழுக்கள் அதை இன்றும் புனித நூலாகவே போற்றுகின்றன.

சோவியத் ஆட்சியின் இறுதிக் காலத்தில் முளைத்த இந்த இயக்கத்துக்கு மேற்கு ஐரோப்பாவின் மரபுவாதத் தத்துவமும் தீனி போட்டது. நவீன உலகம் வீழ்ச்சியின் பாதையில் செல்கிறது, தொன்மையான ஆன்மிக மரபே உண்மையானது என்பது அத்தத்துவத்தின் சாரம். இத்தாலியச் சிந்தனையாளர் யூலியஸ் எவோலாவின் நூலொன்றை அலெக்சாண்டர் டுகின் 1981-இல் ரஷ்ய மொழியில் பெயர்த்தார். (டுகினைப் பேகன் என்று கருதுவது தவறு, அவர் பழைய சடங்கு முறையைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்.)

ஆனால், இந்தத் தத்துவம் இருபுறமும் கூர்மையான கத்தி. அதன் முன்னோடியான பிரெஞ்சு அறிஞர் ரெனே கேனோன் விதித்த நிபந்தனை கடுமையானது. குருவிடமிருந்து சீடருக்கு அறுபடாமல் வரும் பரம்பரை இல்லையேல் மரபும் இல்லை. ஏடுகளைப் படித்து அமைத்துக்கொள்ளும் சடங்குக்கு ஆன்மிக வலிமை கிடையாது. 1921-இல் இந்து தத்துவங்களைப் பற்றி எழுதியே நூலாசிரியரான அவர், அதற்கு முன்பே சூஃபி மரபில் இணைந்திருந்தார்; 1951-இல் கெய்ரோவில் மறைந்தார். எவோலாவும் தம் காலத்துப் புதிய பேகனியத்தைச் சாடினார். எதிரிகளான கிறிஸ்தவர்கள் வரைந்த கேலிச்சித்திரத்தையே அவர்கள் தங்கள் முகமாக ஏற்றுக்கொண்டனர் என்பது அவரது வாதம். ஆக, மரபுவாத அளவுகோலைக் கையில் எடுக்கும் ரஷ்ய வழிபாட்டாளர் முதலில் அளக்க வேண்டியது தம்மையே.

கிறிஸ்தவப் பெயர்களின் மறைவில் கிராம மக்களின் பாடல்களிலும் வசந்தகால 'மாஸ்லெனித்சா' விழாவிலும் பழைய வழிபாடு உயிர்வாழ்ந்தது என்பது அவர்களின் பதில். இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் வோல்கா நதிக்கரையின் மாரி எல் குடியரசோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கு மாரி இன மக்கள் 'கார்த்' எனப்படும் பூசாரிகளின் தலைமையில் புனிதச் சோலைகளில் தலைமுறைகளாக வழிபட்டு வருகின்றனர். அவர்கள் மரபை மீட்டெடுக்கவில்லை, கைவிடவே இல்லை.

ரோத்னோவெரியே ஒரே முகாமும் அல்ல. 1997-இல் கலூகாவில் உருவான ஒன்றியம் தேசியவாதச் சாயல் கொண்டது. 2002-இல் மாஸ்கோவின் பித்சா பூங்காவில் கூடிய மற்றொரு தரப்பு, இனவெறியை வெளிப்படையாகக் கண்டித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் இந்தப் பிளவே இயக்கத்தின் உண்மையான பலப்பரீட்சை. முன்னோர் வழிபாடு எந்த இடத்தில் இரத்தத் தூய்மைவாதமாக மாறுகிறது என்பதே அங்கு கேள்வி.

அரசும் இவற்றைக் கண்காணிக்கிறது. 'ஸ்லாவிய-ஆரிய வேதங்கள்' என்ற நூல்களைப் பரப்பிய ஓம்ஸ்க் நகர அமைப்பு, 2004-இல் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. பொன் தகடுகளில் பொறிக்கப்பட்டிருந்ததாகக் கூறப்படும் அந்நூல்களை ரோத்னோவெரியே தரப்பினரிலேயே பலர் ஏற்பதில்லை. பெயரில் 'வேதம்' இருந்தாலும், ரிக் முதலான நான்கு வேதங்களுடன் அவற்றுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை.