குறையிலிருந்து பிறந்த நுரை

ஃபோம் மெத்தை, கார் இருக்கை, ஃபிரிட்ஜின் சுவருக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் நுரை எல்லாம் பாலியுரேத்தேன் என்னும் ஒரே குடும்பம். அதைத் தந்தவர் ஓட்டோ பேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். பேயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை.

1930களில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் நைலானுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. நைலானின் சங்கிலி நீளும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோகும். ஜெர்மனியின் லெவர்குசனில் ஆய்வகத் தலைவராக இருந்த பேயர், அந்தக் காப்புரிமையில் சிக்காமல், எதுவுமே கழலாத முறையில் சங்கிலி கோக்க வழி தேடினார். இரு முனையிலும் ஐசோசயனேட் என்னும் எளிதில் வினைபுரியும் தொகுதி கொண்ட மூலக்கூறையும், இரு முனையிலும் ஆல்கஹால் தொகுதி கொண்ட மூலக்கூறையும் சேர்த்தார். இரண்டும் முழுசாக ஒட்டிக்கொண்டன. 1937 நவம்பர் 13 தேதியிட்டு ஜெர்மன் காப்புரிமை பதிவானது.

ஆனால் 1941இல் வார்த்த மாதிரிகளில் குமிழிகள் நிறைந்திருந்தன. போலி எமெண்டல் பாலாடைக்கட்டி செய்யத்தான் இது லாயக்கு என்று சோதனைப் பிரிவினர் திருப்பி அனுப்பினார்களாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. குமிழியை ஒழிப்பதற்கு முன்னால், அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். மூலப்பொருளில் மிஞ்சியிருந்த அமிலத் தொகுதிகள் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டிருந்தன. தண்ணீரும் அதையே செய்யும். அப்படியானால் தண்ணீரை வேண்டுமென்றே, அளந்து சேர்க்கலாமே!

நுரையின் சூட்சுமம் முழுவதும் நேரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வாயு பொங்குகிறது. மறுபக்கம் திரவம் இறுகுகிறது. இறுகத் தாமதமானால் பொங்கியது அமுங்கிவிடும். முந்திக்கொண்டால் பொங்கவே இடமிருக்காது. இன்றைய ஆலைகளில் அமீன் வினையூக்கி வாயு வினையையும், வெள்ளீயச் சேர்மம் இறுகும் வினையையும் முடுக்குகின்றன. குமிழிச் சுவர் உடையாமல் சிலிகோன் காக்கிறது. குமிழிகள் ஒன்றுக்கொன்று திறந்திருந்தால் மெத்தை. மூடிய குமிழிகளுக்குள் வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயு சிறைப்பட்டால் ஃபிரிட்ஜ் சுவர். மென்மையான நுரை 1950களில்தான் சந்தைக்கு வந்தது.

ஐசோசயனேட் ஆவி நுரையீரலைத் தாக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். கலக்கும் தொழிலாளிக்குத் தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். மெத்தை நுரையின் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்திருப்பதால் அதை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பழைய மெத்தையை அரைத்துப் பசையிட்டு அழுத்தி, கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் திண்டாக்குகிறார்கள். வேதிமுறையில் பிரித்து மூலப்பொருளையே திரும்பப் பெறும் வேலையும் நடந்துவருகிறது.