பறவைக்கு வைத்த சட்டியை யார் கழுவுவது?

கும்ப மாத வெயில் ஏறியதும் பாறசாலை முதல் ஒற்றசேகரமங்கலம் வரை மதில்மேல் மண்சட்டிகள் முளைத்துவிடும். மைனாவுக்கும் காக்கைக்கும் தண்ணீர் வைப்பது நல்ல காரியம்தான். சட்டியைக் கழுவத்தான் ஆளில்லை. அடியில் வழுவழுவென்று பாசி, விளிம்பில் எச்சம், பக்கத்துச் சிரட்டையில் புளித்த சோறு. அதன்மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

எச்சம் கலந்த தண்ணீரில் சால்மோனெல்லா பரவும். அது கோழியோடு நிற்காது, கை கழுவாத பிள்ளைக்கும் வரும். ஈரத் தானியத்தில் தங்கும் டிரைக்கோமோனாஸ் கிருமி புறாவின் தொண்டையை அடைக்கும். போதாக்குறைக்கு டெங்குக் கொசு. அதன் முட்டை சட்டிச் சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும்.

தினமும் நார் போட்டுத் தேயுங்கள். வீடுகளுக்கு ‘டிரை டே’ (தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்கும் நாள்) என்று சுகாதாரத் துறை சொல்லும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, சட்டியைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வாடை போகும்வரை அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு சட்டி இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். சட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் கழுவ வேண்டாம். தீனியை அந்தியில் மிஞ்சாத அளவே போடுங்கள்.

செத்த பறவை கிடந்தால்? வெறுங்கையால் தொடாதீர்கள். நெய்யாற்றில் எறியாதீர்கள். பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். பறவைக்காய்ச்சல் குட்டநாட்டு விவகாரம் என்று இன்னும் சொல்பவர்களுக்கு: 2023 ஜனவரியில் நம் திருவனந்தபுரம் மாவட்டத்து அழூரிலேயே அது உறுதியானது. 2024 ஜூனில் ஆலப்புழை முஹம்மாவில் காக்கைகளிடமே கண்டார்கள்.

தீனியை உடனே நிறுத்திவிட்டு மிருகாசுபத்திரிக்குச் சொல்லுங்கள். காட்டுப்பறவை என்றால் வனத்துறைக்கும். எடுக்கச் சொன்னால் கையுறை, முகக்கவசம், இரட்டைப் பிளாஸ்டிக் பை, ஐஸ் வேண்டும். ஃப்ரீஸரில் வைக்க வேண்டாம். டாக்டரின் கடிதத்தோடு பாலோட்டிலுள்ள மாநில விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போகலாம். ‘ஒரு காக்கைதானே’ என்று கைகழுவும் அலுவலர்களும் உண்டு. அப்போது தேதி, இடம், எத்தனை பறவை என்று எழுதி, பஞ்சாயத்து ஃபிரண்ட் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. ரசீது வாங்குங்கள்.

கோழி வளர்ப்பவர்களுக்கு இது பணவிஷயமும்கூட. 2021இல் நோய்ப்பகுதியில் அரசு கொன்ற கோழி, தாராவுக்கு இரண்டு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் 200 ரூபாயும் குஞ்சுக்கு 100 ரூபாயும் அறிவித்தார்கள். சொல்லாமல் கொல்லையில் புதைத்ததற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.