சைக்கிளில் உள்ள விஞ்ஞானம்

நீங்கள் வகுப்புக்கு வரும் சைக்கிளிலேயே பரீட்சைக்குரிய பல விடைகள் உள்ளன. கவனியுங்கள்.

1. பற்சில்லு: முன்னே 48 பற்கள், பின்னே 16 பற்கள் எனக் கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சில்லு 48 ÷ 16 = 3 முறை சுற்றும். சில்லின் விட்டம் 70 சென்ரிமீற்றர் எனில் சுற்றளவு 220 சென்ரிமீற்றர். ஆகவே செல்லும் தூரம் 6.6 மீற்றர். கியர் சைக்கிளில் பின்னே 24 பற்களுக்கு மாற்றினால் 4.4 மீற்றரே செல்லும். ஆனால் மிதிப்பது இலகு. குளக்கட்டில் ஏற இதுவே ஏற்றது.

2. அமுக்கம்: முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ரயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் மணலைத் தொடும் பரப்பு கூடும், அமுக்கம் குறையும், புதைவதும் குறையும். தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

3. சடத்துவம்: வேகமாகச் செல்கையில் முன் பிறேக்கை மட்டும் சடுதியாகப் பிடித்தால் சில்லு நிற்கும், உடல் முன்னே எறியப்படும். கிரவல் வீதியில் சில்லு வழுக்கும். இரு பிறேக்குகளையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள்.

4. மின்காந்தத் தூண்டல்: 1990களில் வன்னிக்குப் பற்றரி வருவது தடைப்பட்டிருந்தபோது, மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். சுற்றுவதை நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும். உங்கள் டைனமோ விளக்கும் அப்படியே: சைக்கிள் நின்றால் அணைந்துவிடும். இரவில் ஏ9 வீதியோரம் நிற்கும் உங்களைச் சாரதி காணமாட்டார். ஆகவே பின்னே ஒளிதெறிப்பான் பொருத்துங்கள், இன்றே செய்யுங்கள்.

பயிற்சி: மேற்படி சைக்கிளில் பின்னே 20 பற்கள் எனில், பெடலின் ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் யாது? (விடை: 5.28 மீற்றர்)